கோயிலா, பொருட்காட்சியா?

டாய்லெட் முன்னால் நின்று குடும்பத்தோடு போட்டோ எடுத்துக்கொள்ளும் ஆட்களைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். சிரிக்காதீர்கள், அந்த டாய்லெட் அப்படி. முழுக்கத் தங்க நிறம். அரண்மனை மாதிரி அடுக்கடுக்காகக் கூரை, சுவரெல்லாம் வேலைப்பாடு. தூரத்திலிருந்து பார்க்கிற யாரும் இதுதான் சன்னிதி என்று நினைத்துக் கும்பிட்டுவிடுவார்கள்.

அது இருப்பது ஒரு புத்தர் கோயிலில். தாய்லாந்தின் வடக்கே சியாங் ராய் என்று ஒரு நகரம். அதற்கு 13 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது வாட் ரோங் குன். 'வாட்' என்றால் தாய் மொழியில் கோயில். ரோங் குன் என்பது அந்தக் கிராமத்தின் பெயர். வெளிநாட்டுக்காரர்களுக்கு அது 'வெள்ளைக் கோயில்'. உச்சி முதல் படி வரை வெள்ளை, அதில் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். பத்து மணி வெயிலில் கண்ணைத் திறந்து பார்ப்பதே கஷ்டம்.

போன டிசம்பரில் சித்தி, சித்தப்பாவோடு போயிருந்தேன். உள்ளே நுழைந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. சித்தி என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன்டா, இது கோயிலா, பொருட்காட்சியா?"

நியாயமான கேள்வி. மரக்கிளைகளில் பேட்மேன், நிஞ்ஜா டர்ட்டில், ஹெல்பாய் என்று வெறும் தலைகளாகத் தொங்குகின்றன. புல்தரையைப் பிளந்துகொண்டு பிரிடேட்டர் படத்து வேற்றுக்கிரக ஜந்து எழுந்து வருகிறது. வண்டிகளைத் தடுக்க ரோட்டில் வைப்பார்களே கூம்பு, அதன் உச்சியில்கூட ஒரு மண்டையோடு. இதற்கு நடுவில் எங்கேயோ புத்தர் இருக்கிறார் என்கிறார்கள்.

ஊருக்கு வந்து போட்டோக்களைக் காட்டியபோது வகுப்பில் ஒருத்தன், "மச்சி, காமிக்ஸ் புக்குக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்குடா" என்றான். அன்றைக்கு அவனோடு ஆரம்பித்த வாக்குவாதம் கேன்டீனில் டீ ஆறிப்போகும் வரை நடந்தது. முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்தக் கோயிலில் நமக்குக் கிறுக்குத்தனமாகத் தெரிகிறவைதான் அதன் பிரசங்கம். அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அழகான ஒரு வெள்ளைக் கட்டடம். அழகான கோயில்களுக்குத் தாய்லாந்தில் பஞ்சமே இல்லை.

யார் கட்டியது?

சலெர்ம்சாய் கோசித்பிபத் என்கிற ஓவியர். 1955-ல் இதே ரோங் குன் கிராமத்தில் பிறந்தவர். பாங்காக்கில் சில்பகோர்ன் பல்கலைக்கழகத்தில் தாய் ஓவியம் படித்தவர். ஆரம்ப காலத்தில் சினிமா பேனர் வரைந்து பிழைத்திருக்கிறார். இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

1980-களில் லண்டன் விம்பிள்டனில் இருக்கும் தாய் கோயிலான வாட் புத்தபதீபாவின் சுவர்களுக்கு ஓவியம் வரையப் போன குழுவில் இவர் முக்கியமானவர். அந்த ஓவியங்களில் மார்கரெட் தாட்சர் உட்பட அந்தக் காலத்து மனிதர்களும் இருக்கிறார்கள். 'இது தாய் ஓவியமே இல்லை' என்று அப்போதே திட்டு விழுந்தது. ஆனால் பின்னாளில் அவரே தாய்லாந்தின் பெரிய ஓவியர்களில் ஒருவரானார். 2011-ல் 'தேசியக் கலைஞர்' கௌரவமும் கிடைத்தது.

சொந்த ஊரில் இருந்த பழைய கோயில் சிதிலமாகிக் கிடந்தது. செப்பனிடப் பணம் இல்லை. 1997-ல் அதைத் தன் சொந்தப் பணத்தில் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார். தாய்லாந்தின் பாட் நாணயம் தடாலென்று சரிந்து ஆசியா முழுக்கப் பொருளாதாரம் ஆடிப்போன அதே வருஷம்!

எனக்கு மிகவும் பிடித்தது அவர் வைத்த ஒரு விதி. ஒருவரிடமிருந்து 10,000 பாட்டுக்கு மேல் நன்கொடை வாங்குவதில்லை. பெரிய தொகை கொடுத்தவர், 'இங்கே இப்படிக் கட்டு, அங்கே என் பேரைப் போடு' என்று ஆரம்பிப்பார் அல்லவா? அதற்குத்தான் இந்தத் தடை. டியூப்லைட்டில்கூட உபயதாரர் பெயரை எழுதி, வெளிச்சம் பாதி, பெயர் பாதி என்று தொங்கவிடும் ஊரிலிருந்து போன எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரிந்தது :-)

கைகளைத் தாண்டிப் போக வேண்டும்

கோயிலுக்குள் போக ஒரு பாலம் உண்டு. பிறவிச் சுழற்சியைக் கடக்கும் பாலம். அதற்கு முன்னால் தரையில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்திலிருந்து நூற்றுக்கணக்கான கைகள் மேலே நீள்கின்றன. கை என்றால் கும்பிடும் கை இல்லை, பிடுங்கும் கை. விரல்களெல்லாம் வளைந்து, எதையாவது பற்றிக்கொள்ளத் துடிக்கிற மாதிரி. அடங்காத ஆசைதான் அந்தக் கைகள். எல்லாம் சாம்பல் வெள்ளையாக இருக்க, ஒரே ஒரு கையில் மட்டும் நகத்துக்குச் சிவப்புச் சாயம். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது அங்கே வருகிறவர்களுக்கு ஒரு விளையாட்டு.

பாலத்தைத் தாண்டினால் வாசலில் இரண்டு காவலர்கள். ஒருவர் மரணம், இன்னொருவர் ராகு. நம் ஊர் நவக்கிரகத்தில் எட்டாவதாக நிற்கும் அதே ராகுதான். அவ்வளவு தூரம் போய் அவரைப் பார்த்ததும் சித்திக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "அப்போ கோயில்தான்" என்றார்.

பாலத்தில் ஏறினால் திரும்பி வரக்கூடாது. கூட்டத்தைச் சமாளிக்க வைத்த விதி போலத் தெரிந்தாலும் அதற்கு அர்த்தம் உண்டு. ஆசையைக் கடந்து போகிறவன் மறுபடி நரகத்துப் பக்கம் திரும்புவானா? ஆனால் நடப்பது என்ன? பாலத்தின் நடுவில் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். போனை நீட்டுகிறார்கள். கை நீள்கிறது, விரல்கள் வளைகின்றன, ஒரு படம், இன்னும் ஒரு படம். நகரச் சொல்லி ஒலிபெருக்கி கெஞ்சிக்கொண்டே இருக்கிறது. கீழே சிமென்ட் கைகள், மேலே நிஜக் கைகள். இதை அந்த ஓவியர் எதிர்பார்த்தாரோ இல்லையோ, நம்மையும் சேர்த்தால்தான் அந்தச் சிற்பம் முழுமையாகிறது.

தங்க டாய்லெட்டும் இதே கணக்குதான். வெள்ளைக் கோயில் மனசுக்கு, தங்கக் கட்டடம் உடம்புக்கு. ஜனங்கள் பொன்னுக்கும் பொருளுக்கும் அலைவதைக் காட்டத்தான் அந்தத் தங்க நிறம். மற்றக் கோயில்களில் தங்கத்தைக் கோபுரத்தில் வைப்பார்கள். இவர் கோபுரத்தை வெள்ளையாக்கிவிட்டு, தங்கத்தைக் கொண்டுபோய் எங்கே வைத்தார் பாருங்கள். நாமோ அதன் முன்னால் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம்!

ஸ்பைடர்மேனுக்குச் சொந்தக்காரன் மாரன்

நண்பனின் பெரிய ஆட்சேபம், சன்னிதிக்குள்ளே இருக்கும் ஓவியங்கள் பற்றி. உள்ளே கேமராவுக்கு அனுமதி இல்லை, அதனால் வாயால்தான் சொல்ல முடிந்தது. நுழைந்ததும் எதிரே புத்தர். அமைதி, பொன் நிறம். திரும்பி வாசல் பக்கத்துச் சுவரைப் பார்த்தால் பெரிய அசுர முகம், சுற்றிலும் தீ. அந்தத் தீக்குள் மேட்ரிக்ஸ் படத்து நியோ, டெர்மினேட்டர், ஃப்ரெட்டி க்ரூகர், மைக்கேல் ஜாக்சன், சூப்பர்மேன், ஹாரி பாட்டர், ஹலோ கிட்டி பூனை. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் எரிகின்றன. பெட்ரோல் பம்பும் இருக்கிறது.

"புத்தர் கோயில்ல ஹாரி பாட்டருக்கு என்ன வேலைடா?"

இங்கேதான் கொஞ்சம் பழைய கதை தெரிந்திருக்க வேண்டும். புத்தர் போதி மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அவரைக் கலைக்க மாரன் தன் படையோடு வந்தான். புத்தர் பூமியைச் சாட்சிக்கு அழைத்தார். தாய்லாந்தில் சொல்லும் கதையில் பூமித்தாய் எழுந்து வந்து தன் கூந்தலைப் பிழிகிறாள், அதிலிருந்து வழியும் வெள்ளத்தில் மாரன் படை அடித்துக்கொண்டு போகிறது. பழைய தாய் கோயில்களில் இந்தக் காட்சியை வரையும் வழக்கமான இடம் எது தெரியுமா? புத்தர் சிலைக்கு நேர் எதிரே, வாசல் பக்கத்துச் சுவர். வாட் ரோங் குன்னில் அசுர முகம் இருக்கும் அதே இடம்.

அந்தப் பழைய ஓவியங்களில் மாரனின் படையில் யார் யார் இருந்தார்கள்? அசுரர்கள் மட்டும் இல்லை. தொப்பி போட்ட ஐரோப்பியர்கள், பாரசீகர்கள், சீனர்கள் என்று அந்தந்தக் காலத்தில் துறைமுகத்தில் வந்து இறங்கிய அந்நியர்களும் உண்டு. அன்றைய ஓவியன் தன் காலத்தில் பார்த்த புது முகங்களை, பயத்தையும் ஆச்சரியத்தையும் மாரன் படையில் சேர்த்தான். இன்றைய ஓவியன் தன் காலத்தில் பார்த்தவற்றைச் சேர்த்திருக்கிறான். அதுவும் சினிமா பேனர் வரைந்து கை பழகிய ஓவியன். அவன் வரைந்தால் டெர்மினேட்டர் வராமல் வேறு யார் வருவார்கள்?

"சரி, டெர்மினேட்டர் ஓகே. ஹலோ கிட்டி என்ன பாவம் பண்ணிச்சு?" இதையும் கேட்டான். பலருக்கும் இந்த இடத்தில்தான் குழப்பம் வருகிறது. என் பதில் இது. மாரன் கத்தியோடு மட்டும் வருவதில்லை. கதையில் அவன் முதலில் பயமுறுத்துகிறான், அப்புறம் மயக்குகிறான், அழகான மகள்களைக்கூட அனுப்பிப் பார்க்கிறான். இரட்டைக் கோபுரத் தீ பயமுறுத்தல் என்றால் ஹலோ கிட்டி மயக்கம். நமக்குப் பிடித்தது, நம்மைக் காப்பாற்றும் என்று நாம் நம்புவது எல்லாமே அந்தச் சுவரில் இருக்கிறது. சூப்பர்மேன் வந்து காப்பாற்ற மாட்டார், உன் மனசை நீயேதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பிட்சு ஒரு மணி நேரம் பேசுவதை அந்தச் சுவர் ஒரு நிமிடத்தில் சொல்கிறது. கேட்டுக்கொண்டிருந்த நண்பன் அன்றைக்குப் போட்டிருந்தது சூப்பர்மேன் டி-ஷர்ட் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அப்போ எது வேண்டுமானாலும் வைக்கலாமா?

தாய்லாந்தில் இப்படி வினோதமான கோயில் இது ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். பாங்காக்கில் வாட் பரிவாட் என்கிற கோயிலில் புத்தர் பீடத்தின் அடியில், பீடத்தைத் தாங்கும் சின்ன உருவங்களின் வரிசையில் கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் இருக்கிறார். நகோன் பதோமில் வாட் சம்பிரான் என்று 17 மாடி இளஞ்சிவப்புக் கட்டடம், அதைச் சுற்றி ஒரு டிராகன் ஏறுகிறது. சிசாகேட் மாகாணத்தில் ஒரு கோயிலைப் பத்து லட்சத்துக்கும் மேல் பீர் பாட்டில்களை வைத்தே கட்டியிருக்கிறார்கள். 1984-லிருந்து பிட்சுக்கள் சேர்த்த காலி பாட்டில்கள். பச்சையும் பழுப்புமாகச் சுவர்.

எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனசில்லை. நான் வைத்துக்கொண்ட அளவுகோல் எளிமையானது. அந்த வினோதம் ஏதாவது சொல்கிறதா, இல்லை ஆச்சரியப்படுத்திவிட்டு நின்றுவிடுகிறதா? பாட்டில் கோயில் சொல்கிறது. ஐந்து சீலங்களில் ஐந்தாவது மதுவைத் தொடாதே என்பது. மதுப்புட்டியையே செங்கல்லாக்கி அதற்குள் உட்கார்ந்து தியானம் செய்கிறார்கள். பெக்காம் எனக்கு எதுவும் சொல்லவில்லை. அந்தக் காலத்து கால்பந்துப் பைத்தியம் என்பதைத் தவிர அதில் வேறு செய்தி தெரியவில்லை. பெக்காம் ரசிகர்கள் மன்னிக்க.

எனக்கு உறுத்திய இடங்கள்

வக்கீல் மாதிரி ஒரு பக்கமே பேசினால் நன்றாக இருக்காது. உறுத்தலும் உண்டு.

முதலாவது, இலை. கோயில் வளாகத்தில் உலோகத் தகட்டில் அரச இலை வடிவம் விற்கிறார்கள். விலை 30 பாட். அதில் உங்கள் பெயரையும் வேண்டுதலையும் எழுதித் தொங்கவிடலாம். இலைகள் சேர்ந்து சேர்ந்து வெள்ளி மரம் மாதிரி நிற்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் பெரிய நன்கொடையாளரின் பெயர் வேண்டாம் என்று சொன்ன இடத்தில், சின்ன நன்கொடையாளரின் பெயர் ஆயிரக்கணக்கில் தொங்குகிறது. ஆசையை விடு என்று பாலத்தில் சொல்லிவிட்டு, ஆசையை எழுதித் தொங்கவிடத் தகடு விற்பது எப்படிப் பொருந்தும்? என் சித்தியும் ஒன்று வாங்கினார். எழுதியது என் செமஸ்டர் ரிசல்ட் பற்றி. அதனால் இந்த விஷயத்தில் ரொம்பப் பேச எனக்குத் தகுதி இல்லை :-)

இரண்டாவது, அவசரம். சியாங் ராய் டூர் எல்லாம் ஒரே அச்சு. காலையில் வெள்ளைக் கோயில், அடுத்து ஓவியர் தவன் துச்சனீயின் கறுப்பு வீடு, அடுத்து நீலக் கோயில். ஒவ்வொன்றுக்கும் அரை மணி, முக்கால் மணி. அந்த நேரத்தில் பாலத்தில் போட்டோ எடுக்கலாம், டாய்லெட்டில் போட்டோ எடுக்கலாம், அவ்வளவுதான். சன்னிதிக்குள் வந்த பாதிப் பேர் புத்தரைப் பார்த்துவிட்டு அப்படியே பக்கவாட்டில் வெளியே போனதைப் பார்த்தேன். பின்னால் இருந்த சுவரை அவர்கள் பார்க்கவே இல்லை. அது என்ன கதை என்று எடுத்துச் சொல்லவும் ஆள் இல்லை. தாய்க்காரர்களுக்கு மாரன் கதை தெரியும். மற்றவர்களுக்கு பிரிடேட்டரை மட்டும்தான் தெரியும். வெளிநாட்டவருக்கு 2016-ல் 50 பாட் கட்டணம் வைத்தார்கள், அப்புறம் அதுவும் ஏறியது. அந்தக் காசில் நாலு வரி விளக்கப் பலகை வைக்கலாம்.

மூன்றாவதுதான் பெரியது. இந்தக் கோயில் புத்தருக்குத் தன் காணிக்கை என்று சொல்லும் சலெர்ம்சாய், இந்தப் பணி தனக்கு அழியாத வாழ்வு தரும் என்றும் நம்புகிறார். எல்லாம் முடிய 2070 வரை ஆகும் என்று சொல்லப்பட்டது. தான் போன பிறகும் வேலை நிற்கக்கூடாது என்று சீடர்களைத் தயார் செய்திருக்கிறார். எதுவும் நிலையில்லை என்று போதித்த மார்க்கத்தில், அழியாமல் இருக்க ஒரு கோயிலா? சித்தி கேட்டதைவிட எனக்கு இந்தக் கேள்விதான் கனமாகத் தெரிந்தது.

பூமி சொன்ன பதில்

இதற்குப் பதில் 2014 மே 5-ம் தேதி வந்தது. அன்று மாலை சியாங் ராய் பகுதியில் 6 ரிக்டருக்கு மேல் நிலநடுக்கம். 17 வருஷ உழைப்பு. கோபுர முனை உடைந்தது, ஓடுகள் சரிந்தன, உள்ளே ஓவியச் சுவரில் விரிசல் விழுந்தது. கோயிலை மூடினார்கள். மனசு நொந்துபோன சலெர்ம்சாய், எல்லாவற்றையும் இடித்துவிடப் போவதாகச் சொன்னார்.

மறுநாள் பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். கட்டட அமைப்புக்குப் பெரிய சேதம் இல்லை என்றார்கள். உடனே அவர் பேச்சை மாற்றிக்கொண்டார். இரண்டு வருஷத்தில் பழைய அழகுக்குக் கொண்டுவருவேன், மீதி வாழ்க்கை இதற்குத்தான் என்றார். செய்தும் காட்டினார்.

அந்த ஒரு நாளை நான் நிறைய யோசித்திருக்கிறேன். அழியாமல் இருக்கட்டும் என்று கட்டியவரிடம், அழியும் என்று பூமியே சொல்லிவிட்டது. அவர் அதை ஒரு ராத்திரி முழுக்கக் கேட்டார், காலையில் மறுபடி கரண்டியை எடுத்தார். இது பற்றா, பற்றைக் கடந்ததா? எனக்கு இரண்டும் கலந்ததாகத்தான் தெரிகிறது. ஆனால் நிலையில்லை என்று தெரிந்த பிறகும் ஒருவன் உடைந்த ஓட்டைத் திரும்ப ஒட்டுகிறான் என்றால், அதை வெறும் சுயவிளம்பரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அதிலும் வருகிறவர்களில் பாதிப் பேர் டாய்லெட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று தெரிந்தே ஒட்டுகிறான்.

ஆக, சித்தியின் கேள்விக்கு என் பதில்: அது பொருட்காட்சிதான். நாம் எதற்கெல்லாம் ஆசைப்படுகிறோம், எதற்கெல்லாம் பயப்படுகிறோம் என்பதை வரிசையாக வைத்துக் காட்டும் பொருட்காட்சி. அதை வேறு எங்கே வைப்பது? கோயிலில்தான் வைக்க வேண்டும். நரகத்தை எண்ணெய்க் கொப்பரையோடு வரைந்தால் இன்றைக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். நம் காலத்து நரகத்தை நம் காலத்துப் படங்களால்தான் வரைய முடியும். அதைப் பார்த்து முதலில் சிரிப்பு வருகிறதென்றால் வரட்டும். பிறகு ஒரு நிமிடமாவது யோசிக்காமல் நகர்ந்தால் அது கோயிலின் குறை இல்லை.

என்றைக்காவது நீங்கள் அங்கே போனால் இரண்டே விஷயம். கூட்டம் சேர்வதற்கு முன் காலையிலேயே போய்விடுங்கள். சன்னிதிக்குள் நுழைந்து புத்தரைக் கும்பிட்டதும் உடனே வெளியே ஓடாமல், ஒருமுறை திரும்பிப் பின்சுவரைப் பாருங்கள். அந்தத் தீக்குள் உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒருவர் நிச்சயம் இருப்பார். அவர் ஏன் அங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தோன்றுவதை எனக்குச் சொல்லுங்கள். கேன்டீன் வாக்குவாதம் இன்னும் முடியவில்லை, எனக்கு ஆள் பலம் வேண்டும்.